மீன்தொட்டியின் தொங்கு வடிகட்டி

எமது பாடசாலை மீன்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சை ஒருமுறை குழாய்நீரில் நன்றாகக் கழுவுவித்தேன். ஒரு வாரத்துள் மீன்கள் ஒவ்வொன்றாய் மடிந்தன. தூய்மை தீங்காயது எவ்வாறு?

தொட்டியின் பின்விளிம்பில் தொங்கும் வடிகட்டி, நீரை மேலிழுத்துப் பஞ்சினூடே செலுத்தி, அருவிபோல் மீண்டும் தொட்டியில் வீழ்த்துகின்றது. பஞ்சு அழுக்கைத் தடுப்பதோடு, கண்ணுக்குப் புலனாகாப் பற்றீரியாக்களுக்கு உறைவிடமுமாகின்றது. மீன்கழிவிற் பிறக்கும் நச்சு அமோனியாவை அவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. குழாய்நீரின் குளோரீன் அவற்றையே அழித்துவிட்டது.

வாங்குமிடத்து, மணித்தியாலத்துக்குத் தொட்டிநீரின் 4 முதல் 6 மடங்கை ஓட்டவல்ல வடிகட்டியைத் தெரிதல் நன்று. 60 லீற்றர்த் தொட்டிக்கு 240 முதல் 360 லீற்றர் போதும். சண்டைமீன் போன்ற மெல்ல நீந்துவனவற்றுக்கு ஓட்டத்தைக் குறைத்தல் வேண்டும்.

இரவிலும் வடிகட்டியை நிறுத்தலாகாது. ஓட்டம் நெடுநேரம் நின்றால் பற்றீரியாக்கள் ஒட்சிசனின்றி மடியும். மின்சாரம் தடைப்பட்டு மீண்டதும் நீர் ஓடுகின்றதா எனப் பார்த்து, ஓடாவிடின் வடிகட்டியில் நீரை நிரப்புக. நீரின்றிச் சுழலும் மோட்டார் பழுதுறும். பஞ்சைத் தொட்டியினின்று அகற்றிய நீரிலேயே மெல்ல அலசுக. புதிய பஞ்சு இடுவதாயின், பழையதையும் சில வாரம் உடன் வைத்திருங்கள்.

இம்முறையைக் கைக்கொண்ட பின்னர் எமது தொட்டியில் மீன்கள் அவ்வாறு மடிந்ததில்லை.