கைபேசியில் வரும் கையேந்தல்: மெய் எது, பொய் எது?

“பாத்திரம் அறிந்து பிச்சை இடு” என்பது பெரியோர் வாக்கு. அந்தக் காலத்தில் பாத்திரம் அறிவது அவ்வளவு கடினமான காரியமாக இருக்கவில்லை. உதவி கேட்பவர் வாசலில் வந்து நின்றார். அவருடைய முகம் தெரிந்தது; பேச்சு தெரிந்தது; ஊர் எது என்று கேட்டால் உடனே பதில் கிடைத்தது. கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்துடன் வருபவரும் பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார். சந்தேகம் வந்தால் நாலு பேரை விசாரித்தால் உண்மை வெளிவந்துவிடும்.

இன்று உதவி கேட்பவர் வாசலுக்கு வருவதில்லை. கைபேசிக்குள்ளிருந்து கேட்கிறார். மூக்கில் குழாய் செருகிய குழந்தையின் படம். அருகே கண்ணீர் விடும் தாய். “எட்டு லட்சம் வேண்டும், இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் அறுவைச் சிகிச்சை நடக்காது” என்று நாலு வரி. கீழே பணம் அனுப்புவதற்கு ஒரு கட்டச் சதுரம். அனுப்பி வைத்தவர் நண்பர்தான். ஆனால் அவருக்கு அனுப்பியவர் வேறொருவர். அவருக்கு அனுப்பியவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

இந்தப் படத்தைப் பார்த்ததும் மனம் இளகாதவர் அரிது. அப்படி இளகும் மனத்தையே மூலதனமாக வைத்துத் தொழில் நடத்தும் பேர்வழிகளும் இருக்கிறார்கள் என்பதுதான் இக்காலத்துச் சங்கடம். எல்லோரையும் நம்பினால் காசு போகிறது. ஒருவரையும் நம்பாவிட்டால் மெய்யாகவே சாகக் கிடக்கும் ஒரு குழந்தைக்குப் போகவேண்டிய உதவி போகாமல் நின்றுவிடுகிறது. இரண்டாவது நஷ்டமே பெரியது.

இருபது டாலர் கதை

அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு செய்தி ஊரெல்லாம் பரவியது. பிலடெல்பியா நகருக்கு அருகே நெடுஞ்சாலையில் ஒரு பெண்ணின் காரில் பெட்ரோல் தீர்ந்து போயிற்றாம். அந்தப் பக்கம் வீடு வாசலின்றித் திரிந்துகொண்டிருந்த முன்னாள் போர்வீரர் ஒருவர், தம் கையில் இருந்த கடைசி இருபது டாலரைக் கொடுத்துப் பெட்ரோல் வாங்கி வந்தாராம். நன்றி மறவாத அந்தப் பெண்ணும் அவளுடைய காதலனும், அந்த நல்லவருக்கு ஒரு வீடு அமைத்துத் தருவதற்காக ‘கோஃபண்ட்மீ’ என்ற தளத்தில் நிதி திரட்டத் தொடங்கினார்கள்.

பத்திரிகைகள் எழுதின, தொலைக்காட்சிகள் மூவரையும் அழைத்துப் பேசவைத்தன. சில வாரங்களுக்குள் சுமார் 14,000 பேர் 4 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு பணத்தைப் பங்கிடுவதில் சண்டை வந்தது. வீடற்றவர் மற்ற இருவர்மீதும் வழக்குப் போட்டார். அதிகாரிகள் கைபேசிச் செய்திகளைத் துருவியபோது குட்டு வெளிப்பட்டது. பெட்ரோல் தீர்ந்த கதை முழுக் கற்பனை! வேண்டுகோள் வெளியான ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பெண்ணே தன் தோழிக்கு அவ்வாறு எழுதியிருந்தாள். வந்த பணத்தின் பெரும்பகுதி சொகுசு கார், உல்லாசப் பயணம், சூதாட்டம் என்று கரைந்து போயிருந்தது. மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். காதலர் இருவரும் சிறை சென்றார்கள். பணம் கொடுத்தவர்களுக்கு அந்தத் தளமே தொகையைத் திருப்பிக் கொடுத்தது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆள் உண்மை, முகம் உண்மை, வறுமையும் உண்மை. கதை மட்டுமே பொய். பணம் யாருடைய கணக்கில் சேருகிறது, அதை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அத்தனை ஆயிரம் பேரில் கேட்டவர் மிகச் சிலரே. பிரபலம் அடைந்த கதை என்பதால் அது சோதிக்கப்பட்ட கதை ஆகிவிடாது.

ஓர் எழுத்து, ஒரு விரல்

வேறு தினுசு மோசடியும் உண்டு. கொரோனா நோய் பரவத் தொடங்கிய 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘பி.எம்.கேர்ஸ்’ நிதி அறிவிக்கப்பட்டது. அதற்குப் பணம் அனுப்புவதற்கான யுபிஐ முகவரியும் வெளியாயிற்று. உடனே அதே மாதிரி இன்னொரு முகவரி உலவத் தொடங்கியது. உண்மையான முகவரியில் ‘கேர்ஸ்’ என்றிருக்க, போலியில் ‘கேர்’ என்றிருந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் குறைவு! டில்லிப் போலீசார் எச்சரித்தார்கள். அந்தப் போலி முகவரி முடக்கப்பட்டது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் துருக்கியிலும் சிரியாவிலும் பயங்கரமான பூகம்பம் ஏற்பட்டது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு குழந்தையை அணைத்தபடி நிற்கும் தீயணைப்பு வீரரின் படம் உலகெங்கும் சுற்றியது. அதைக் காட்டிச் சிலர் நன்கொடை கேட்டார்கள். உற்றுப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். அந்த வீரரின் வலக்கையில் ஆறு விரல்கள் இருந்தன! செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வரைந்த படம் அது.

ஆனால் விரலை எண்ணித் தப்பிக்கும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. இயந்திரங்கள் இப்போது ஐந்து விரலையும் சரியாகவே போடுகின்றன. கண்ணீர் வரவழைக்கும் வாசகத்தை நல்ல தமிழிலேயே எழுதித் தருகின்றன. மறுபக்கம், உண்மையான ஏழைத் தகப்பன் எழுதும் வேண்டுகோளில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கக்கூடும். ஆகையால் படத்தின் உருக்கத்தையும் எழுத்தின் நேர்த்தியையும் வைத்து முடிவு கட்டுவது பேதைமை. பணம் போகும் பாதையைப் பார்க்கவேண்டும்.

“போதும், அனுப்பாதீர்கள்!”

நம்பவே முடியாததுபோல் தோன்றும் வேண்டுகோள்களில் சில முற்றிலும் மெய்யானவை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் மாட்டூல் என்னும் ஊரில் 2021ஆம் ஆண்டு நடந்தது இதற்கு நல்ல சாட்சி.

அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத்தண்டு நரம்புகள் செயலிழந்து தசைகள் நலிந்துபோகும் அபூர்வ நோய். ‘ஸோல்ஜென்ஸ்மா’ என்னும் மருந்தை இரண்டு வயதுக்குள் கொடுக்கவேண்டும். அதன் விலையோ 18 கோடி ரூபாய்! அதே நோயால் சக்கர நாற்காலியில் முடங்கியிருந்த அக்காள், தான் படும் பாட்டைத் தம்பியும் படக்கூடாது என்று உருக்கமாகப் பேசி உதவி கேட்டாள்.

ஒரு மருந்துக்குப் பதினெட்டுக் கோடியா என்று கேட்டவர்கள் விரல் சொடுக்கில் இதைப் பொய்யென்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் விசாரித்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. நோய்க்குப் பெயர் இருந்தது. மருந்துக்கு விலை இருந்தது. ஊராட்சித் தலைவரும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் சேர்ந்த சிகிச்சைக் குழு ஒன்று பகிரங்கமாகப் பொறுப்பேற்றிருந்தது. சில நாட்களிலேயே தேவையான தொகை சேர்ந்துவிட்டது. உடனே குழுவினர், “போதும், இனிப் பணம் அனுப்பவேண்டாம்” என்று அறிவித்தார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது 46 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருந்தது. அந்தத் தொகையைப் பகிரங்கமாக வெளியிட்டு, மிச்சப் பணம் அதே நோயுள்ள வேறு குழந்தைகளுக்கு உதவும் என்றும் சொன்னார்கள்.

வேண்டியது எவ்வளவு என்று சொல்வது, வந்ததும் போதும் என்பது, பிறகு கணக்குக் காட்டுவது - இந்த மூன்றும் நேர்மையான வேண்டுகோளின் லட்சணங்கள். மோசடிப் பேர்வழியின் வாயிலிருந்து “போதும்” என்ற சொல் வரவே வராது.

பத்து நிமிஷ விசாரணை

கைபேசியில் வேண்டுகோள் வந்ததும் செய்யவேண்டியது பெரிய துப்பறியும் வேலை ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் செலவழித்தால் பெரும்பாலும் விஷயம் தெளிவாகிவிடும்.

முதலாவது, தேதியைப் பார்க்கவேண்டும். எப்போதோ முடிந்துபோன சிகிச்சைக்கான வேண்டுகோள்கள் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. குழந்தையின் படத்தைக் கூகிள் லென்ஸ் போன்ற வசதியில் கொடுத்துத் தேடினால், அதே படம் முன்பு வேறு பெயரில், வேறு ஊரில் வெளியாகியிருப்பது சில சமயம் அகப்படும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. வேண்டுகோளில் கண்ட எண்ணுக்குப் பேசினால் மோசடிக்காரனே ‘டாக்டர்’ ஆகிவிடுவான். ஆஸ்பத்திரியின் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்துப் பேசவேண்டும். நோயாளியின் விவரங்களை அந்நியருக்குச் சொல்ல ஆஸ்பத்திரியார் மறுக்கலாம், அது நியாயமே. ஆனால், “இந்தப் பதிவு எண்ணுள்ள நோயாளியின் கணக்கில் நேரே பணம் கட்டலாமா?” என்று கேட்கத் தடையில்லை. இப்படிக் கட்டுவதே மிகப் பத்திரமான வழி.

மூன்றாவது, பணம் பெறுபவரின் பெயர். யுபிஐ மூலம் அனுப்பும்போது, ரகசிய எண்ணை அழுத்துவதற்கு முன்பே பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். நோயாளியின் பெயர் ஒன்று, தகப்பனார் பெயர் வேறொன்று, கணக்கு மூன்றாவது ஆளின் பெயரில் என்றால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும்.

நான்காவது, கேட்பது அறக்கட்டளை என்றால் அதன் பதிவு. நீதி ஆயோக் நடத்தும் ‘தர்ப்பண்’ தளத்தில் தொண்டு நிறுவனங்களின் பெயரைத் தேடலாம். வரிச் சலுகை உண்டு என்று சொன்னால் வருமான வரித் துறையின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதிவு இருப்பதாலேயே ஒரு ஸ்தாபனம் உத்தமமானது ஆகிவிடாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் எல்லோரும் யோக்கியர் என்று சொல்ல முடியுமா? ஆனால் பதிவு இருக்கிறது என்று சொல்லி இல்லாமற்போனால் அது சந்தேகமற்ற பொய். அதேபோல், ஒரு தனிக் குடும்பத்தின் கணக்குக்கு நேராக அனுப்பும் பணத்துக்கு வரிச் சலுகை கிடையாது. உண்டு என்று ஆசை காட்டுபவரை நம்பவேண்டியதில்லை.

ஐந்தாவது, கேள்வி கேட்டுப் பார்க்கவேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, மொத்தச் செலவு எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கேட்டுப் பார்த்தார்களா என்று விசாரிக்கலாம். வேதனையில் இருக்கும் தாய்க்குக் கேள்விகள் எரிச்சலூட்டலாம். ஆனால் குழந்தை படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர் அவளுக்கு மறந்து போகாது. பதில் சொல்லாமல், “மனிதாபிமானம் இல்லையா?” என்று சீறுபவரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

நிதி திரட்டித் தரும் தளங்கள் மூலம் கொடுப்பவர் இன்னொன்றையும் கவனிப்பது நலம். சில தளங்களில், கொடுக்கும் தொகையோடு தளத்துக்கான ‘டிப்ஸ்’ தொகையும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம்.

பணம் பெற ரகசிய எண் எதற்கு?

கொடுத்த பிறகும் வலை விரிப்பவர்கள் உண்டு. “தவறுதலாக அதிகம் வந்துவிட்டது, திருப்பித் தருகிறோம், இந்தக் கட்டச் சதுரத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்பார்கள். யுபிஐ ரகசிய எண் பணத்தை அனுப்புவதற்கு வேண்டுமே தவிர, பெறுவதற்கு வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டாலே பலர் தப்பித்துக்கொள்வார்கள்.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைப்பதில் லாபமில்லை. உடனே வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கவேண்டும். அரசாங்கத்தின் சைபர் குற்றத் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்துவதற்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு.

விசாரிக்க நேரமில்லாதவர் செய்யத்தக்கதும் ஒன்று இருக்கிறது. வந்த வேண்டுகோளைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடாமல் இருப்பதே அது. “என்னால் கொடுக்க முடியவில்லை, அனுப்பியாவது வைப்போம்” என்று நல்ல எண்ணத்தில்தான் பலர் செய்கிறார்கள். ஆனால் அனுப்புபவரின் பெயரே அந்தப் பொய்க்கு நற்சான்றாகிவிடுகிறது. “நம் வாத்தியார் அனுப்பினார்”, “நம் சித்தப்பா அனுப்பினார்” என்றுதான் அடுத்தவர் பணம் கட்டுகிறார்.

ஒரு மோசடி வெளிப்படும்போது நஷ்டம் அடைபவர்கள் அதற்குப் பணம் கொடுத்தவர்கள் மட்டுமல்லர். மறுவாரம் மெய்யாகவே கையேந்தும் ஒரு தகப்பனின் வேண்டுகோளை, “இதுவும் அப்படித்தான்” என்று பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு வரவேண்டிய மருந்தையும் சேர்த்துத்தான் மோசடிக்காரன் திருடிக்கொண்டு போகிறான். விசாரித்துக் கொடுப்பவர் தம் காசைக் காப்பாற்றிக்கொள்வதோடு, இனிக் கேட்கப்போகும் ஏழைக்கும் வழி திறந்து வைக்கிறார். பாத்திரம் அறிந்து இடச் சொன்ன பெரியோர், பிச்சை இடாதே என்று சொல்லவில்லை.