பிரித்துப் பூட்டிய எஞ்சின் ஏன் மீண்டும் பழுதாகிறது?

கார் எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் மேசைமீது வைத்துப் பூட்டுகிறோம். அது உழைப்பதோ கடும் சூட்டில். இந்த எளிய உண்மையைக் கவனியாமல் விட்டதால் விளைந்த பொருட்சேதம் கொஞ்சநஞ்சமன்று.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி வாங்கி, எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி மீண்டும் பூட்டி ஓட்டுவதில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் பெருவிருப்பம் உண்டு. அவ்வாறு பூட்டப்படும் எஞ்சின்களுள் போர்ஷே 911 காரின் எஞ்சின் பெயர்பெற்றது. பூட்டியவரின் பணத்தை விழுங்குவதிலும் அது பெயர்பெற்றதுதான். பள்ளியில் நாம் படிக்கும் வெப்ப விரிவுப் பாடத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் இயந்திரம் கிடைப்பது அரிது.

அந்நாளைய மேற்கு ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் இந்தக் காரை முதன்முதலில் காட்டியது. எஞ்சின் காரின் பின்புறத்தில், பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருந்தது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்த நிலையில் இருக்கும். குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. பெரிய விசிறி ஒன்று வீசும் காற்றும், உள்ளே சுற்றிவரும் மசகெண்ணெயும்தாம் சூட்டை எடுத்துச் செல்லவேண்டும். தொடக்கத்தில் 1,991 கன செ.மீ. ஆக இருந்த கொள்ளளவு, 1974ஆம் ஆண்டுக் கார்களில் 2,687 கன செ.மீ. ஆக வளர்ந்திருந்தது.

இந்த எஞ்சினின் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் கிராங்க் ஷாப்ட் சுழலும் பெட்டி. அதன் இருபுறமும் தனித்தனிச் சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் முனையிலும் அதை மூடும் 'ஹெட்'. இவை மூன்றையும் சேர்த்துப் பிடிப்பவை 'ஸ்டட்' எனப்படும் நீண்ட எஃகுத் தண்டுகள். ஸ்டட்டின் ஒரு முனையிலுள்ள மரை பெட்டிக்குள் இறங்கியிருக்கும்; தண்டு சிலிண்டரை ஒட்டி ஓடி ஹெட்டின் வழியே வெளிவரும்; அங்கே நட்டு முடுக்கப்படும். சிலிண்டருக்கு நான்கு வீதம் மொத்தம் 24 ஸ்டட்டுகள்.

காரின் பின்பக்கம் கனத்தால் வளைவுகளில் கட்டுப்பாடு குறையும். ஆகவே எஞ்சினின் எடையைக் குறைக்க, 1968 முதல் பெட்டியை அலுமினியத்துக்குப் பதிலாக மக்னீசியக் கலவையில் வார்த்தார்கள். மக்னீசியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். நல்ல யோசனைதான். சிறிய எஞ்சினில் அது பெரிய தொல்லை எதையும் தரவில்லை.

எஞ்சின் பெரிதானபோதுதான் தொல்லை தொடங்கியது. அதற்குக் காரணம் ஒரு சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியம் 0.23 மி.மீ. நீளும். மக்னீசியம் 0.26 மி.மீ. நீளும். அலுமினியச் சிலிண்டரை எஃகு ஸ்டட் கட்டிப் பிடித்திருக்கிறது. சூடேறும்போது சிலிண்டர் ஸ்டட்டைவிட 0.11 மி.மீ. அதிகமாக நீள முயல்கிறது. ஸ்டட் அதற்கு இடங்கொடுக்க, தானும் இழுபட்டு நீளவேண்டும். எஃகின் யங் குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால், இந்த நீட்சிக்கு ஒவ்வொரு சதுர மி.மீ. பரப்பிலும் சுமார் 22 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். 8 மி.மீ. குறுக்களவுள்ள தண்டுக்கு இது ஒரு டன்னைத் தாண்டுகிறது! அலுமினியமும் சற்று அமுங்கிக் கொடுப்பதால் உண்மையில் விசை இதைவிடக் குறையும். ஆனால் காற்றோட்டத்தில் இருக்கும் ஸ்டட் சிலிண்டரைப்போல் அவ்வளவு சூடேறுவதில்லை. அதனால் வேறுபாடு மறுபடி கூடிவிடும். நட்டை முடுக்கியபோது ஏற்றிய இழுவிசையோடு இதுவும் சேர்கிறது என்பதை மறக்கக்கூடாது.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற கொல்லர் பட்டையைச் சுடவைத்து மாட்டுவார். ஆறியதும் அது மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இங்கே நடப்பது அதற்குத் தலைகீழ். சூடேறும்தோறும் பிடி இறுகுகிறது.

இந்த விசை முழுவதையும் கடைசியில் தாங்குவது மக்னீசியத்தில் வெட்டிய மரை. வெப்பம் ஏற ஏற மக்னீசியக் கலவையின் வலிமை குன்றும். இடைவிடாத இழுப்பில் அது மெல்ல மெல்ல இளகி இடம்பெயரும். முந்தைய சிலிண்டர்களின் உட்புறம் வார்ப்பிரும்பாலானது. இரும்பின் விரிவு எஃகின் விரிவுக்கு நெருக்கமானது. 2.7 லிட்டர் எஞ்சினிலோ முழு அலுமினியச் சிலிண்டர்கள் வந்தன. அவை அகலமானவை, அவற்றுக்கு இடங்கொடுக்கப் பெட்டியின் துளைகளைப் பெரிதாக்கியதில் மரையைச் சுற்றியிருந்த உலோகமும் குறைந்தது. போதாக்குறைக்கு, புகைக் கட்டுப்பாட்டுக்காக 1975 முதல் 1977 வரை அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்கள் பலவற்றில், எரியாத பெட்ரோலைப் புகைப்போக்கியிலேயே எரிக்கும் சாதனம் எஞ்சினின் அடியில் பொருத்தப்பட்டது. அடுப்பின்மேல் எஞ்சினை ஏற்றிவைத்த கதைதான். மரைகள் பிய்ந்து ஸ்டட்டுகள் வெளிவரத் தொடங்கின.

இனிப் பழுது பார்ப்பவரின் தவறுக்கு வருவோம். ஹெட்டின் இடுக்கிலிருந்து வாயு கசிகிறது. பார்த்தால் ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது. உடனே ஸ்பானரை எடுத்து அதை முடுக்குகிறார். நட்டு தளரவில்லை, அடியில் மரைதான் எழும்பிவிட்டது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. முடுக்க முடுக்க எஞ்சியிருந்த மரையும் பிய்கிறது. இன்னொருவர் சற்று விவரமானவர். எஞ்சினைப் பிரித்து, பிய்ந்த ஓரிடத்தில் மட்டும் துளையை அகலப்படுத்தி, எஃகாலான மரைக்குழல் ஒன்றைப் பொருத்திப் பூட்டுகிறார். வெளிவிட்டம் பெரிதான அந்தக் குழல் விசையை அதிகப் பரப்பில் பரப்புவதால் அந்த இடம் நிலைக்கும். ஆனால் அதே சூட்டையும் இழுப்பையும் அனுபவித்த மற்ற 23 இடங்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்தது பிய்யும்போது எஞ்சினை முழுவதும் மறுபடி பிரிக்கவேண்டும். அனுபவமுள்ள பட்டறைகள் 24க்கும் குழல் போடாமல் மக்னீசியப் பெட்டியைப் பூட்டுவதில்லை.

தயாரிப்பாளரும் சும்மா இருக்கவில்லை. அலுமினியத்தோடு ஏறத்தாழ ஒத்து விரியும் 'டிலாவர்' என்னும் சிறப்பு எஃகில் ஸ்டட்டுகள் செய்தார்கள். 1978இல் வந்த 911 எஸ்.சி. காரில் பெட்டி மீண்டும் அலுமினியமாயிற்று. கீழ்வரிசை ஸ்டட்டுகள் டிலாவராயின. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் சாலையின் ஈரமும், குளிர்நாடுகளில் பனியை உருக்கத் தூவும் உப்பும் முதலில் தாக்குவது கீழ்வரிசையைத்தான். இழுவிசையில் இருக்கும் அந்த எஃகில் அரிப்பு நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்க, ஸ்டட்டுகள் பட்டென்று முறிந்தன. வால்வு மூடியைக் கழற்றினால் முறிந்த துண்டும் நட்டும் வாஷரும் உள்ளே கிடக்கும். முன்பு மரை தோற்றது. இப்போது தண்டே தோற்றது. அலுமினியப் பெட்டியின் மரை வலுவானது, சாதாரண எஃகே போதும் என்று கருதி, பட்டறைக்காரர்கள் பலர் இன்று எஃகு ஸ்டட்டுகளையே போடுகிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

பெட்டிக்குள் நேரும் தவறுகள்

வெப்பம் ஒருபுறமிருக்க, பூட்டும் கையின் பிழைகளும் உண்டு. இந்தப் பெட்டி நிலக்கடலைத் தோடு போல் நெடுக்கில் இரண்டாகப் பிளப்பது. நடுவே கிராங்க் ஷாப்ட் கிடக்கும். இரு பாதிகளும் சேரும் விளிம்பில் மெல்லிய படலமாகப் பசை பூசவேண்டும். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தாராளமாக அப்பினால், பிதுங்கிய பசை உட்புறம் உதிர்ந்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். பெட்டியைத் துளைத்துச் செல்லும் நீண்ட போல்ட்டுகளுக்கு ரப்பர் வளையங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று முடுக்கும்போது நசுங்கினால் எண்ணெய் ஒழுகும். வளையத்தின் விலை அற்பம்; அதற்காக எஞ்சினை இறக்கும் கூலி அற்பமன்று.

அடுத்தது கனெக்டிங் ராடு போல்ட்டு. நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளில் பிஸ்டன் விநாடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது. 70.4 மி.மீ. ஓட்டமுள்ள 2.7 எஞ்சினில், மேல்முனையில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 1,800 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள பொருள்கூட அப்போது 900 கிலோ போல் இழுக்கும். இந்த போல்ட்டுகள் முடுக்கும்போதே நீண்டு இறுகுபவை; ஒருமுறை பயன்பட்டால் கழித்துவிடவேண்டும். பார்வைக்குப் புதிது போலிருக்கிறதே என்று பழையதையே போட்டு, ஓடும்போது அது அறுந்தால், ராடு பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதன்பின் பழுதுபார்க்கப் பெட்டியே மிஞ்சாது.

பலரும் ஏமாறுவது எண்ணெயில். இந்த எஞ்சினின் எண்ணெய் அடித்தட்டில் தங்குவதில்லை. தனித் தொட்டியில் பத்து லிட்டருக்கு மேல் இருக்கும். அது தொட்டி, குழாய்கள், குளிர்விப்பான் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. பேரிங் தேய்ந்து எஞ்சின் கெட்டிருந்தால் அதன் உலோகத் துகள்கள் இவை எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். எஞ்சினை மட்டும் பளபளவென்று கழுவிப் பூட்டி, பழைய குளிர்விப்பானை அப்படியே மாட்டினால், முதல் ஓட்டத்திலேயே அந்தத் துகள்கள் புதுப் பேரிங்குகளுக்கு வந்துசேரும். பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள சந்து தலைமயிரின் பருமன்கூட இராது. கிராங்க் ஷாப்ட்டைச் சாணை பிடித்து வாங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. அதன் உள்வழிகளின் அடைப்பான்களைக் கழற்றிக் கழுவாவிட்டால் சாணைத் தூள் அங்கேயே காத்திருக்கும்.

வால்வுகளை இயக்கும் இரு கேம் ஷாப்ட்டுகளையும் சங்கிலிகள் சுழற்றுகின்றன. ஒன்று இடம் மாறிப் பூட்டப்பட்டாலும் வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஆகவே ஸ்டார்ட்டரைத் தொடுமுன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கேனும் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சரியாகப் பூட்டிய எஞ்சினிலும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பழைய சாதனம் செயலிழந்து வால்வுகள் வளைந்ததுண்டு. 1984ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்கும் புதுச் சாதனம் வந்தது. முந்தைய எஞ்சின்களைப் பூட்டுவோரும் இப்போது பெரும்பாலும் அதையே பொருத்துகிறார்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை எஞ்சினைச் சுழற்றுவார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை வடித்து, பில்டரை வெட்டித் திறந்து, அதன் தாளை வெயிலில் விரிப்பார்கள். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பிஸ்டனையோ பேரிங்கையோ சந்தேகிக்கவேண்டும். செம்பு நிறமானால் பேரிங்கின் உள்ளடுக்குவரை தேய்ந்துவிட்டது என்று அறிந்து எஞ்சினை மறுபடி இறக்குவார்கள்.