நிழலில்லா ஒளியும் பனிச்சறுக்குக் கண்ணாடியும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பனிநாடு தேடிச் செல்வோருக்கு ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவும், அங்குள்ள நிசேக்கோவும் நன்கு பழகிய பெயர்கள். வெப்பமண்டலத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பனிச்சறுக்கின் கருவிகள் எல்லாமே புதியவை. சறுக்குப் பலகையையும் காலணியையும் கைக்கோலையும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியை மட்டும் பலர் புறப்படும் முன்பே விலைகொடுத்து வாங்கிவிடுகின்றனர். அப்போது கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, “வெயிலுக்கா, மங்கலான வெளிச்சத்துக்கா?” என்பது. எளிய கேள்விபோலத் தோன்றினும், அதில் ஒரு சொற்சிக்கல் ஒளிந்திருக்கிறது. அச்சிக்கலை அவிழ்க்காமல் வாங்கப்படும் கண்ணாடி மலைச்சரிவில் பயன்படாமற் போவதோடு, சில வேளைகளில் கேடும் விளைவிக்கும்.

‘மங்கலான வெளிச்சம்’ என்னும் தொடர் இரு வேறு நிலைமைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஒன்று, ஒளியின் அளவே குறைந்த நிலை. டிசம்பர் மாதத்தில் ஹொக்கைடோவில் மாலை நான்கு மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். அதன்பின் விளக்கொளியில் சறுக்குகின்றனர். மற்றொன்று, ஒளி போதுமான அளவு இருந்தும், சில வேளைகளில் கண் கூசும் அளவுக்கு மிகுந்திருந்தும், தரையின் மேடுபள்ளம் தெரியாத நிலை. வானம் முழுவதும் மேகம் மூடிய பகற்பொழுதில் இது நிகழ்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்துகொண்டு வந்து ஹொக்கைடோவின் மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. அப்பனிக்காகவே மக்கள் அங்குச் செல்கின்றனர்; அதே பனிமேகம்தான் இந்த இரண்டாம் நிலைமையையும் கொண்டுவருகிறது. ஆகவே நம்மவர் அங்கு மிகுதியாக எதிர்கொள்வது இருட்டை அன்று.

இந்த இரண்டாம் நிலைமையை ஆங்கிலம் பேசும் சறுக்காளர்கள் ‘ஃபிளாட் லைட்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தட்டை ஒளி’ என்று எழுதுவது எளிது. ஆனால் அது படிப்பவருக்கு ஒன்றையும் விளக்காது. தட்டையாகத் தோன்றுவது ஒளியன்று, தரை. தரை அவ்வாறு தோன்றுவதற்குக் காரணம் நிழல் இல்லாமை. வெயில் நாளில் ஒளி ஒரு திசையிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சிறு மேட்டின் மறுபக்கத்திலும் நிழல் விழுகிறது. அந்நிழல்களைக் கொண்டே நம் கண் சரிவின் வடிவத்தைப் படிக்கிறது. மேகம் மூடியபோதோ ஒளி வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வருகிறது. கீழே விழுந்த ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புதுப்பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலிருந்தும் கீழிருந்தும் ஒளி வந்தால் நிழல் எங்கே விழும்? வெண்மையின்மேல் வெண்மை மட்டுமே எஞ்சுகிறது. எனவே இதனை ‘நிழலில்லா ஒளி’ என்று வழங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. கலைச்சொல் காரணத்தைச் சுட்டுமாயின் பயன்படுத்துவோர்க்குப் பாதி விளக்கம் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

விளக்கொளியில் இரவில் சறுக்குவோர் சிலர், மேகம் மூடிய பகலைவிட இரவிலேயே தரை தெளிவாகத் தெரிகிறது என்று வியப்பதுண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. கம்பத்து விளக்கு பக்கவாட்டிலிருந்து ஒளி வீசுகிறது. ஒளி குறைவு, ஆயினும் நிழல் உண்டு.

இந்நிலைமை முற்றும்போது தொடுவானமும் மறைந்துவிடும். காற்றில் மூடுபனி ஒரு துளியும் இல்லாமலே இது நிகழக்கூடும் என்பதை உலகம் ஒரு பெருந்துயரின் வாயிலாக அறிந்தது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் சுற்றுலா விமானம் ஒன்று அண்டார்க்டிகாவின் எரபஸ் மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். விமானத்தின் கணினியில் பதியப்பட்ட பாதை மாற்றப்பட்டிருந்ததும், அது விமானிகளுக்குத் தெரிவிக்கப்படாததும் பின்னர் நடந்த அரச விசாரணையில் வெளிவந்தன. அவற்றோடு, மேகத்துக்குக் கீழே தெளிந்த காற்றில் பறந்துகொண்டிருந்த விமானிகளுக்கு எதிரே எழுந்து நின்ற வெண்சரிவு சமதரையின் தொடர்ச்சியாகவே தோன்றியிருக்கும் என்பதையும் நீதிபதி பீட்டர் மாஹன் தம் அறிக்கையில் விளக்கினார். சறுக்குச் சரிவில் நிகழ்வது இதன் சிற்றளவுதான். ஆனால் ஒரு முழ ஆழப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாமற்போனால், முழங்கால் மூட்டு முறுக்கிக்கொள்ள அதுவே போதும்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். ‘கண்ணாடி’ என்னும் நம் சொல் முகம் பார்க்கும் ஆடி, சன்னலில் பதிக்கும் பொருள், மூக்கின்மேல் அணிவது ஆகிய மூன்றையும் குறிக்கும். பனிச்சறுக்குக் கண்ணாடியின் முன்பகுதியைக் கடைக்காரர் ‘லென்ஸ்’ என்பார். பாடநூல்களில் லென்ஸ் என்பது வில்லை. ஒளியைக் குவிப்பது அல்லது விரிப்பது. இங்கிருப்பதோ எதையும் குவிக்காத, வளைந்த நெகிழித் தகடு. இருப்பினும் வழக்கில் வேரூன்றிய சொல்லோடு சண்டையிடுவது வீண். நானும் லென்ஸ் என்றே எழுதுகிறேன்.

லென்ஸைப் பற்றி முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று: எந்த லென்ஸும் ஒளியைச் சேர்ப்பதில்லை, குறைக்கவே செய்கிறது. ஒளியைக் கூட்டித் தருவதாக விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டா. ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் வால்ரஸின் தந்தத்திலும் கலைமான் கொம்பிலும் மெல்லிய பிளவு கீறிச் செய்த ‘இக்காக்’ என்னும் கண்மூடி, உலகின் மிகப் பழைய பனிக்கண்ணாடிகளுள் ஒன்று. அதன் வேலையும் ஒளியைக் குறைப்பதே.

எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பெட்டியின்மேல் ‘வி.எல்.டி.’ என்னும் விழுக்காடாக அச்சிட்டிருப்பர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதே அதன் பொருள். இதனைத் தமிழில் ‘காணொளி ஊடுருவல்’ என்று ஒருவர் பெயர்த்தால், இன்றைய வாசகர் திரையில் ஓடும் படத்தை நினைத்துக்கொள்வார்! ‘ஒளிபுகு விழுக்காடு’ என்பதே போதும். இ.என். 174 என்னும் ஐரோப்பியத் தரநிர்ணயம் இதனை ஐந்து வகையாகப் பிரித்தது. எஸ்0 என்பது 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளி விடுவது. எஸ்1 என்பது 43 முதல் 80 வரை; எஸ்2 என்பது 18 முதல் 43 வரை; எஸ்3 என்பது 8 முதல் 18 வரை; எஸ்4 என்பது 3 முதல் 8 வரை. எண் பெருகப் பெருக ஒளி குறையும் என்பதைக் கவனிக்க. ‘நான்காம் வகை என்றால் உயர்ந்த வகை’ என்று எண்ணி வாங்குவோர் உளர். அது பனிமலை உச்சியின் கடும் வெயிலுக்கானது.

இரவுக்கு எஸ்0. நிழலில்லா ஒளிக்கு எஸ்1. ஒரே ஒரு லென்ஸ் மட்டும் வாங்க முடியுமெனில், எஸ்1 வகையிலேயே சற்றுக் குறைந்த விழுக்காடு, அதாவது 45 அல்லது 50 அளவில், நிசேக்கோ போன்ற இடத்துக்கு ஏற்றது. மேகமூட்டத்தில் கண் கூசுகிறதே என்று கறுத்த லென்ஸை மாட்டுபவர், எஞ்சியிருந்த சிறு வேறுபாட்டையும் அழித்துவிடுகிறார். ‘மங்கல்’, ‘கூச்சம்’ என்னும் இரு சொற்களும் ஒன்றையொன்று மறுப்பவை என்று மொழி நம்மை எண்ணவைப்பதால் வரும் பிழை இது. நிழலில்லா ஒளியில் இரண்டும் ஒருங்கே நிகழும்.

நிறத்தைப் பற்றிக் கடைகளில் மிகுதியாகப் பேசுவர். மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிற லென்ஸ்கள் நீல ஒளியைத் தடுத்து, மிச்சமுள்ள சாயல் வேறுபாடுகளைச் சற்று எடுத்துக்காட்டுகின்றன. பலருக்கு இது உதவுகிறது. ஆனால் கண்ணுக்குக் கண் வேறுபடும். இல்லாத நிழலை எந்த நிறமும் உண்டாக்கித் தராது. ஆடிபோல் மின்னும் வெளிப்பூச்சு அழகுதான், எனினும் அது ஒளியை மேலும் திருப்பி அனுப்பும். ஒளிக்கேற்ப நிறம் மாறும் லென்ஸ் கறுத்த நிலையிலிருந்து வெளுக்கும்போது குளிரில் மந்தமாக மாறும். வெயிலிலிருந்து திடீரென மேகத்துள் நுழைபவர் அந்த இடைவெளியில் தவிக்க நேரும். புற ஊதாக் கதிரைத் தடுப்பது நிறமன்று, பொருள். பெரும்பாலான லென்ஸ்களின் மூலப்பொருளான பாலிகார்பனேட் அக்கதிரை இயல்பாகவே உறிஞ்சிவிடுகிறது. ஆதலால் வெளிறிய லென்ஸ் அணிந்தால் கண் கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

நிறத்துக்கு இத்தனை நேரம் செலவிடும் நாம், பொருத்தத்துக்குப் பாதி நேரமும் செலவிடுவதில்லை. என் மதிப்பீட்டில் பொருத்தமே முதன்மையானது. ஏனெனில் முகத்தில் சரியாகப் பொருந்தாத கண்ணாடியில் ஆவி படியும், ஆவி படிந்தபின் எஸ்1-ம் எஸ்4-ம் ஒன்றே. முகத்தின் வெப்பமும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த தகட்டைத் தொட்டவுடன் நீர்த்துளிகளாகின்றன. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் பாப் ஸ்மித் 1960-களின் நடுவில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரு தகடுகளுக்கிடையே காற்றை அடைத்து மூடினால் உள்தகடு அவ்வளவு குளிர்வதில்லை. சுற்றிலும் காற்றுப் புகும் நுரைப்பஞ்சு வைத்தால் ஈரம் வெளியேறுகிறது. இன்றைய நல்ல கண்ணாடிகள் யாவும் இவ்வழியில் வந்தவையே. ஒற்றைத் தகடு கொண்ட மலிவுப் பொருளைக் குழந்தைக்குக்கூட வாங்க வேண்டா.

மூச்சு உள்ளே நுழையும் வாயில் பெரும்பாலும் மூக்குத்தண்டின் இருபுறமும்தான். நெடுங்காலம் ஐரோப்பிய முகத்தை அளவாகக் கொண்டே சட்டங்கள் வார்க்கப்பட்டன. மூக்குத்தண்டு தாழ்ந்த முகங்களில் அங்கே இடைவெளி விழுந்தது. அதனை நிரப்பத் தடித்த பஞ்சு வைத்துச் செய்ததற்கு நிறுவனங்கள் ‘ஆசியப் பொருத்தம்’ என்று பெயரிட்டன. மொழியியலாளன் என்ற முறையில் இப்பெயரை நான் ஏற்பதில்லை. ஆசியா என்பது ஒரு மூக்கின் பெயரன்று. நம் தீவின் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழும் சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகியோரிடையே மட்டுமன்றி, ஒரே தமிழ்க் குடும்பத்தின் அண்ணன் தம்பியிடையேயும் மூக்கின் உயரம் வேறுபடுகிறது. எடுப்பான மூக்குடைய ஒருவர் தாம் ஆசியர் என்பதற்காகவே அதை வாங்கி அணிந்தால் மூக்கு அழுந்தி மூச்சுத் திணறும். அண்மைக்காலமாகத் ‘தாழ்தண்டுப் பொருத்தம்’ என்னும் பொருள்படப் பெயர் மாறிவருவது நல்லது. இனத்தைச் சுட்டிய சொல் அளவைச் சுட்டும் சொல்லாக மாறியிருக்கிறது. வாங்குபவர் இனிப் பார்க்க வேண்டியது தம் முகத்தைத்தான்.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சோதனை எளிது. பட்டையைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியை முகத்தில் மெல்லப் பதித்துப் பாருங்கள். நெற்றி, பொட்டு, கன்னம், மூக்கின் இருபுறம் என எல்லா இடங்களிலும் பஞ்சு ஒரே அழுத்தத்தோடு படிய வேண்டும். பிறகு உடன்வந்தவரிடம் மூக்கருகே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் அது உமக்குரியதன்று. பட்டையை இறுக்கி இடைவெளியை மூட முயல்வது தவறு. சட்டம் வளைந்து வேறோரிடத்தில் வாய் திறக்கும். வாயை மூடி மூக்கால் ஐந்தாறு முறை மூச்சு விடுங்கள். மூக்கிதழ்கள் நெரிபட்டால் அதையும் தள்ளிவிடுங்கள்.

தலைக்கவசம் இல்லாமல் இச்சோதனை முழுமையாகாது. கவசத்தின் விளிம்பு கண்ணாடிச் சட்டத்தைக் கீழே தள்ளினால் மூக்கு அடைபடும். இரண்டுக்கும் இடையே நெற்றி வெறுமையாகத் தெரிந்தால் குளிர்காற்று அங்கே அறையும். கவசத்தை வாடகைக்கு எடுப்பவர்கள், கண்ணாடியையும் அதனோடு அணிந்து பார்த்த பிறகே கவசத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று.

மூக்குக்கண்ணாடி அணிவோர் நம்மில் மிகுதி. அவர்களுக்கெனச் சட்டத்தின் இருபக்கமும் பள்ளம் விட்டு, உள்ளே ஆழம் கூட்டிச் செய்த வகை உண்டு. ஆயினும் உள்ளிருக்கும் மூக்குக்கண்ணாடியிலும் ஆவி படியும் என்பதால், கண் மருத்துவர் இசைந்தால் தொடுவில்லை அணிவது மேல். பேரப்பிள்ளைகளோடு செல்லும் என் வயதினர் ஒன்றைக் கருத வேண்டும்: முதுமையில் சாயல் வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் குறைகிறது. இளையவருக்குப் போதுமான 45 விழுக்காடு நமக்குப் போதாது. 60-க்கு மேற்பட்டதைக் கேட்டு வாங்கலாம்.

எல்லாம் சரியாக வாய்த்தும் தரை தெரியாத நாள் வரும். அப்போது மரங்கள் அடர்ந்த பகுதியை ஒட்டிய வரையறுக்கப்பட்ட தடத்திலேயே இறங்க வேண்டும். மரத்தின் கறுப்பும், தடத்தின் ஓரத்தில் நட்ட கம்பங்களும் கண்ணுக்கு அளவுகோலாக நிற்கும். மரமற்ற உச்சிச் சரிவில் அவை இல்லை. இறங்கும் வழியில் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிடாதீர்கள். தலையின் வியர்வை ஆவியாகி உள்தகட்டில் உறையும். பனி உள்ளே புகுந்துவிட்டால் உதறிவிட வேண்டுமேயன்றித் துடைக்கலாகாது. ஆவி படியாமல் காக்கும் மென்பூச்சு ஈரமாக இருக்கும்போது விரல் பட்டாலே உரிந்துவிடும். விடுதிக்குத் திரும்பியதும் அறையின் நடுவே காற்றாடத் தொங்கவிட்டால் போதும். கணப்பின் அருகே வைத்தால் இரு தகடுகளையும் இணைக்கும் பசை இளகிவிடும். அதன்பின் இடையில் புகுந்த ஈரத்தை யாராலும் துடைத்தெடுக்க இயலாது.