பிள்ளைகளின் பேஸ்போல் ஆட்டம்: யாருக்கு எந்தப் பொறுப்பு?



எல்லே நம் பிள்ளைகளுக்குப் பழகிய விளையாட்டு. எல்லே தெரிந்த பிள்ளைக்கு பேஸ்போல் பிடிபட நாளாகாது. 2019இல் மேற்காசிய பேஸ்போல் கிண்ணத்தை வென்றது நமது இலங்கை அணிதான்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ஆட்டத்தில் நாங்கள் பெரியவர்கள் மூன்று பேர் நின்றோம். ஓடி வந்த பொடியனைப் பார்த்து ஒருத்தர் "ஓடு" என்றார், ஒருத்தர் "நில்லு" என்றார், மற்றவர் "திரும்பு" என்றார். பிள்ளை திகைத்து நடுவில் நின்று அவுட் ஆனான். அது பரவாயில்லை. எங்கள் மூவரின் கண்ணும் அவன் மேலேயே இருந்தபோது, பின்னால் மட்டை வீசிப் பழகிய பையனுக்குக் கிட்ட ஒரு சின்னவன் போய் நின்றதை ஒருவரும் காணவில்லை. மயிரிழையில் தப்பினான்.

மலையில் கங்காணி நிரை பிரித்துக் கொடுக்காவிட்டால் ஒரே நிரையில் நாலு பேர் நிற்பார்கள், மற்ற நிரை ஆளில்லாமல் கிடக்கும். மைதானத்திலும் அதே கதைதான். ஆகவே பொறுப்பை இப்படிப் பிரிப்போம்:

1. தலைமைப் பயிற்றுநர்: யார் முதலில் அடிப்பது, யாரை மாற்றுவது என்று முடிவு செய்வார். நடுவரோடு பேசுவதும் அவர் மட்டுமே.

2. முதலாம் பேஸ் ஓரம் நிற்பவர்: அடித்துவிட்டு வரும் பிள்ளைக்குச் சொல்வார். முதலாம் பேஸைத் தொட்டுவிட்டு நேரே தாண்டி ஓடலாம், அதனால் அங்கே வேகத்தைக் குறைக்க விடக்கூடாது.

3. மூன்றாம் பேஸ் ஓரம் நிற்பவர்: இரண்டாம் பேஸுக்கு ஓடும் பிள்ளைக்கு, வலப்பக்கம் போன பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவன் திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். இவர் கையைச் சுழற்றினால் ஓட வேண்டும், இரு கையையும் உயர்த்தினால் நிற்க வேண்டும்.

4. இருக்கைப் பக்கம் நிற்பவர்: மட்டை, தலைக்கவசம், தண்ணீர் இவர் பொறுப்பு. மட்டை வீசும் பிள்ளைக்குக் கிட்ட யாரையும் விடக்கூடாது. வீசிய பந்துகளையும் எண்ண வேண்டும். வளரும் பிள்ளையின் கை மூட்டு அளவுக்கு மிஞ்சினால் தாங்காது. அமெரிக்க லிட்டில் லீக் விதிப்படி ஒரு நாளைக்கு 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12 வயதுக்கு 85 பந்துதான். கை வலிக்குது என்றால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

ஆள் குறைவா? தலைமைப் பயிற்றுநரே மூன்றாம் பேஸில் நிற்கலாம். முதலாம் பேஸில் தலைக்கவசம் போட்ட மூத்த பிள்ளை நிற்கலாம். அம்மாமாரே, பந்து எண்ணப் பெரிய படிப்பு வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது தராசைக் கவனிக்கிற கண் போதும்.

இன்னொன்று. எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் அடித்து அவுட் ஆக்கலாம். பேஸ்போலில் அது கிடையாது. பந்து கடினமானது, முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் முன்பு கூடி, பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுப்போம். மற்றவர்கள் கை தட்டுவோம், கட்டளை போட வேண்டாம். பிள்ளைக்கு ஒரு குரல் கேட்டால் போதும்.