தோட்டத்துக் கதையைக் காணொளித் தொடராக்குவது எப்படி?

முன்னாள் தோட்ட மக்களின் ஒன்றுகூடல்கள் இப்போது நாட்டின் பல பகுதிகளிலும் நடக்கின்றன. துண்டாடப்பட்ட, செம்பனைக்கு மாறிய, வீடமைப்புப் பகுதியாகிவிட்ட தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடுகிறார்கள். யாராவது ஒருவர் கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். மறுநாள் ஒன்றரை மணி நேரக் காணொளி அப்படியே முகநூலில் ஏறுகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மதிய உணவு எல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கதையைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்த பாட்டியின் குரல் மட்டும் இருக்காது.

கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது அந்தக் குரல்தான். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது ஏழு வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. 1960-களில் பதின்ம வயதில் பால்மரம் வெட்டப் போனவர்களே எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. காணொளியை இணையத்தில் ஏற்றத் தெரியாத இளைஞர்களும் குறைவு. அப்படியிருந்தும் பதிவாக வேண்டியது பதிவாகவில்லை என்றால் குறை கருவியில் இல்லை. எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது, யார் பார்ப்பதற்காக எடுப்பது என்று யாரும் முதலில் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

நம் மக்களிடையே இருந்து எழுந்த ஒரு காணொளித் தொடரின் வெற்றியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு - பவித்ரா தம்பதியர் யூடியூப்பில் சமையல் காணொளிகளைப் போடத் தொடங்கினர். அதே ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து நாடே வீட்டுக்குள் இருந்தபோது, இன வேறுபாடின்றி லட்சக்கணக்கானோர் அவர்களைப் பார்த்தனர். முடக்கக் காலம் கைகொடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. முடக்கக் காலத்தில் சமையல் காணொளி போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இவர்களிடம் மாறாத ஒரு சட்டகம் இருந்தது. எளிய வீட்டுச் சமையல், பவித்ராவின் சரளமான மலாய், கூடவே கணவர். அடுத்த காணொளியில் என்ன கிடைக்கும் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவர் மீண்டும் வருகிறார். எந்தத் தொடருக்கும் இதுவே அடிப்படை.

தோட்டக் கதைக்கு வருவோம். ‘எங்கள் தோட்டத்தின் வரலாறு’ என்பது ஒரு காணொளிக்கு மிகப் பெரிய தலைப்பு. அதில் கோயிலும் வரும், பள்ளியும் வரும், கள்ளுக்கடையும் வரும், கடைசியில் எதுவும் நிற்காது. ஒரு தோட்டம், எட்டு அல்லது பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டால் வேலை கைக்குள் அடங்கும். விடியற்காலைப் பெரட்டில் என்ன நடந்தது? ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? தமிழ்ப்பள்ளியில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை எப்படி நடத்தினார்? திருவிழாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தோட்டம் விற்கப்படுகிறது என்ற செய்தி லயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது?

பால்வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஏன் விடியுமுன் மரத்துக்குப் போனார்கள்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழையில் மரம் நனைந்தால் ஏன் வேலை இல்லை? பட்டையில் இறங்கும் தண்ணீரோடு சேர்ந்து பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகிவிடும். சரி, மழை நாளில் சம்பளம்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பேச்சு கடைக் கணக்குக்கும் கடனுக்கும் போய்விடும். அதை இழுத்துப் பிடித்து மறுபடி மரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அதுவே அடுத்த பகுதி. வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பிறகு புது வெட்டு, மங்கில் சொட்டும் பால், காண்டா போட்டுத் தூக்கிய வாளிகள், எடை போடும் இடத்தில் கிராணியோடு நடந்த வாக்குவாதம், ஸ்டோரில் அமிலம் ஊற்றி உறையவைத்த வாசனை. இந்தச் சொற்களைக் கேட்டே அறியாத பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கிறார்கள். தொடர் அவர்களுக்காகத்தான்.

படமெடுக்கும் வரிசையும் வெளியிடும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. தொடரின் எட்டாவது பகுதியில் பேச வேண்டியவருக்கு 91 வயது என்றால் அவரைத்தான் முதல் வாரம் பதிவு செய்ய வேண்டும். கோயிலையும் பழைய ஸ்டோர் கட்டடத்தையும் அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். கட்டடத்துக்கும் ஆபத்து உண்டுதான், புல்டோசர் சொல்லிவிட்டு வருவதில்லை. என்றாலும் முதலில் மனிதர்.

காணொளிக்கு முன்பு எழுத்து. ஒவ்வொரு பகுதியையும் ஐந்நூறு, அறுநூறு சொற்களில் வலைப்பதிவாக எழுதிப் பார்ப்பவர்களுக்குப் படப்பிடிப்பில் பாதி வேலை முடிந்துவிடும். எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும். கங்காணியின் பெயர் தெரியும், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரியாது. தோட்டம் கைமாறியது தெரியும், ஆண்டு தெரியாது. அந்த ஓட்டைகளே பெரியவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவானது. தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாகத் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960-இல். இப்படிச் சில ஆண்டுகளைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டால், ‘சங்கம் வந்த புதுசுல’ என்று தாத்தா சொல்வதை ஏறக்குறைய ஒரு காலத்தில் பொருத்த முடியும்.

எழுத்தால் இன்னொரு பயனும் உண்டு. பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர். கம்பெனிப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயர். லயத்தில் தமிழ்ப் பெயர். பேத்தி இணையத்தில் தேடும்போது பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரைத்தான் தேடுவாள். ஆகவே இரு பெயர்களும், பக்கத்துப் பட்டணமும், மலாய் எழுத்துக்கூட்டலும் பதிவிலும் காணொளியின் விளக்கக் குறிப்பிலும் இருக்க வேண்டும். ‘மறக்க முடியாத நினைவுகள், பாகம் 3’ என்று தலைப்பு வைத்தால் எந்தத் தேடலிலும் அது அகப்படாது.

பேட்டி எடுக்கும்போது, ‘தாத்தா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் அவர் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார். ‘அந்தக் காலத்தில் ஒற்றுமை இருந்தது’ என்பதோடு முடியும். அதற்குப் பதிலாகப் பழைய பால்வெட்டுக் கத்தியைக் கையில் கொடுத்து, ‘இதை எப்படிப் பிடிக்கணும் தாத்தா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். கை நினைவு வைத்திருப்பதை வாய் பின்தொடரும். பழைய பள்ளிப் படம் ஒன்றைக் காட்டி வரிசையாக யார் யார் என்று கேட்டாலும் இதே பலன் கிடைக்கும். இடையில் அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. அந்த இடைவெளிக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நல்ல வரி.

படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், ஒலி தெளிவில்லை என்றால் போய்விடுவார். மின்விசிறி, தொலைக்காட்சி, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றையும் முதலில் நிறுத்த வேண்டும். சட்டையில் மாட்டும் சிறிய ஒலிவாங்கி மலிவு விலையிலேயே கிடைக்கிறது; அது இல்லாவிட்டால் இரண்டாவது கைப்பேசி ஒன்றை அவர் மடியருகே வைத்துக் குரலை மட்டும் பதிவு செய்யலாம். துத்தநாகக் கூரையில் மழை விழத் தொடங்கிவிட்டால் தேநீர் குடிக்கப் போய்விடுவது நல்லது.

வெட்டித் தொகுக்கும்போது தொடக்கம்தான் எல்லாம். சுழலும் சின்னம், இசை, ‘வணக்கம் உறவுகளே’, அலைவரிசையில் இணையச் சொல்லும் வேண்டுகோள் என்று ஒரு நிமிடம் போனால், பாட்டி வாய் திறக்கும் முன்பே பாதிப் பேர் நழுவியிருப்பார்கள். ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதை யூடியூப்பே வரைபடமாகக் காட்டுகிறது; அதைப் பார்த்தவர் மறுமுறை அந்தச் சின்னத்தைச் சுழல விடமாட்டார். பேட்டியிலேயே மிக வலுவான ஒரு வாக்கியத்தை முதல் பத்து நொடியில் வைத்துவிட்டு, பிறகு பெயர், தோட்டம், ஊர் என்று போகலாம். பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். விளக்கக் குறிப்பில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக் குறிப்புகளைத் தலைப்போடு எழுதினால் காணொளி அத்தியாயங்களாகப் பிரிந்து தெரியும்.

மலாய் வசனவரிகளைச் சேர்ப்பது கூடுதல் உழைப்புதான். ஆனால் தமிழ் படிக்காமல் வளர்ந்த சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கே அது தேவைப்படும். தோட்டத்துப் பேச்சைக் கணினி தானாக மொழிபெயர்ப்பதை நம்பிவிட வேண்டாம். மங்கும் மண்டோரும் அதற்குப் புரியாது.

அனுமதி பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. தோட்ட நிலம் தனியார் நிலம். உள்ளே படமெடுக்க நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். கோயிலில் நிர்வாகத்தையும் பூசாரியையும் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், பேசியவரின் சம்மதம். பேச்சு ஓட்டத்தில் சாதிச் சண்டை, குடி, யாரோ வீட்டு ஓடிப்போன கதை எல்லாம் வந்துவிடும். சொல்லப்பட்டவரின் பிள்ளைகள் அதே புலனக் குழுவில் இருப்பார்கள். இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்பவர் தம் நிலையை ஊருக்குச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். வெளியிடும் முன் தொகுத்த காணொளியை அவரிடமே போட்டுக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை எடுத்துவிட வேண்டும். பழைய சம்பள அட்டையையும் பத்திரங்களையும் காட்டும்போது அடையாள எண்களை மறைத்துவிட வேண்டும்.

திருவிழாக் காட்சியில் ஒலிபெருக்கியின் சினிமாப் பாட்டும் பதிவாகிவிடும். யூடியூப்பின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்தால் காணொளிக்கான விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். காணொளியே முடக்கப்படவும் கூடும். அந்த இடத்தில் உறுமியோ, மணியோசையோ, மக்களின் பேச்சோ இருந்தால் சிக்கலும் இல்லை, காட்சிக்கும் பொருத்தம்.

வருமானம் பற்றி எல்லாரும் கேட்பதால் ஒரு கணக்கு. யூடியூப்பில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிகளுக்கு அளவுகோல் வேறு. 4,000 மணி நேரம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் நிமிடங்கள். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 60,000 முறை பார்க்கப்பட வேண்டும். முந்நூறு குடும்பங்கள் இருந்த ஒரு தோட்டத்தின் கதைக்கு இது எளிதில் எட்டும் எண்ணிக்கை அல்ல. எட்டினால் மகிழ்ச்சி, பெட்ரோல் செலவை அதை நம்பிச் செய்வது சரியல்ல.

எனவே வேகத்தைச் சொந்த வாழ்க்கைக்கு ஏற்ப வைத்துக்கொள்வதே நல்லது. வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போன அலைவரிசைகள் ஏராளம். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு பேர், ஒரு பகுதி என்பது ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கும் முடியும். மூன்று பகுதிகள் முழுமையாகத் தயாரான பிறகே முதல் பகுதியை வெளியிட வேண்டும். மழைக்காலம், பள்ளித் தேர்வு, தீபாவளி எல்லாவற்றையும் அந்த இருப்பு தாங்கிக்கொள்ளும்.

கடைசியாக, வெட்டி எறியப்படும் பகுதிகள். பன்னிரண்டு நிமிடக் காணொளிக்குப் பின்னால் இரண்டு மணி நேர மூலப் பதிவு இருக்கும். கைப்பேசியில் இடமில்லை என்று அதை அழிப்பவர்கள்தான் அதிகம். புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் காணொளி சுருக்கப்பட்டுத் தரம் குறைந்துவிடும், ஆகவே மூலத்தைக் கம்பி வழியாகவே வன்தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு படி எடுத்தவரிடம், இன்னொரு படி வேறொரு வீட்டில். கோப்பின் பெயரில் பேசியவர், தோட்டம், பதிவான தேதி மூன்றும் இருக்கட்டும். மூன்றாவது படியைப் பேசியவரின் குடும்பத்திடம் ஒரு சிறிய பென்டிரைவில் கொடுத்துவிட்டு வரலாம். அந்த வீட்டில் அதைக் கேட்க ஆட்கள் இருப்பார்கள்.