வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்

பிரிட்டனில் விற்பனைக்கு வரும் பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2, படத்தில் நன்றாகவே இருக்கும். கதவுகளிலும் பக்கவாட்டிலும் ஒரு துருப்புள்ளி தெரியாது. வெளித்தகடுகளில் பல அலுமினியம் என்பதே அதற்குக் காரணம். மொத்த எடையையும் தாங்கும் ஏணி வடிவச் சேஸிஸ் எஃகால் ஆனது. 1998 முதல் 2004 வரை தயாரான இந்த எஸ்.யு.வி.யின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சேஸிஸ்தான். அதை வெளியிலிருந்து பார்த்து யாரும் எடைபோட முடியாது.

பிரிட்டனில் மூன்று வயது முடிந்த காரை ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். 1960இல் தொடங்கியபோது பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றை மட்டும் பார்த்தார்கள். 1967இல் வயது வரம்பு மூன்றாகக் குறைந்தது. 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தோற்றுவிடும். இவை தவிர, இப்போதைக்குப் பரவாயில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்கிற அறிவுரைக் குறிப்புகளும் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இந்தக் குறிப்புகளைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை என்பேன். பதிவெண் தெரிந்தால் போதும், 2005 முதலான சோதனை வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அந்த வரலாற்றில் எத்தனை முறை தோற்றது என்று எண்ணுவதில் பலனில்லை. பல்பு எரியவில்லை, வைப்பர் ரப்பர் கிழிந்தது, டயர் பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டது: இவையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது துருவைப் பற்றிய வரிகளுக்கு.

குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க பிரிட்டனின் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு, சேஸிஸின் பெட்டி போன்ற குழல்களுக்குள் துளைகள் வழியே புகுந்து தங்கிவிடுகிறது. உப்பு ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். குளோரைடு எஃகை வேகமாக அரிக்கும். அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. மேலே கறுப்புப் பூச்சு முழுசாக இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். டிஸ்கவரி 2இல் பின் அச்சுக்குப் பின்னாலுள்ள பகுதி இதில் பேர்போனது. சோதகர் சிறு சுத்தியல் போன்ற கருவியால் மெல்லத் தட்டுவார். நல்ல எஃகின் ஓசை ஒன்று, உளுத்த எஃகின் ஓசை வேறு. சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. அங்கே ஒட்டுப்போடுவதென்றால் விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். இங்கொன்று அங்கொன்று என்று புள்ளி வைத்தால் ஏற்கமாட்டார்கள்.

ஆனால் சோதகர் எதையும் கழற்றக் கூடாது, அடிப்பூச்சை உரித்துப் பார்க்கவும் கூடாது. இதனால்தான் வரலாற்றை வரிசையாகப் படிக்கச் சொல்கிறேன். ஓராண்டு பின் சேஸிஸில் துரு என்று குறிப்பு, அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதிகத் துரு, அதற்கடுத்த ஆண்டு ஒன்றுமே இல்லை என்றால், இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். வெல்டிங் செய்த பில்லும் படமும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தார் போன்ற கறுப்புப் பூச்சை அப்பி மூடியிருக்கலாம். அந்த வண்டியை வாங்காதீர்கள்.

பிரேக் குழாய்களும் இதே சேஸிஸை ஒட்டித்தான் ஓடுகின்றன. துருவேறிய குழாயை மாற்றுகிறவர்கள் செம்பு–நிக்கல் குழாய் போடுவது நல்ல வழக்கம். ஹேண்ட்பிரேக் இந்த வண்டியில் சக்கரங்களில் இல்லை. கியர்பாக்ஸை அடுத்த டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறம் ஒரு டிரம்மில் இருக்கிறது. அங்குள்ள சீல் கசிந்து எண்ணெய் இறங்கினால் பிரேக் ஷூ நனைந்து பிடிமானம் போய்விடும். ஹேண்ட்பிரேக் குறை என்று எழுதியிருந்தால் அந்த எண்ணெய்க் கசிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டாஷ்போர்டில் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கன்ட்ரோல், இறக்கக் கட்டுப்பாடு ஆகிய மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிவது இந்த மாடலின் புகழ்பெற்ற நோய். சக்கர ஹப்பின் சென்சாரோ ஏ.பி.எஸ். பெட்டியிலுள்ள ஒரு சிறு சுவிட்சோ காரணமாக இருக்கும். ஏ.பி.எஸ். விளக்கு அணையாவிட்டால் எம்.ஓ.டி.யில் தோல்விதான். பயமுறுத்தினாலும் தீர்க்கக்கூடிய கோளாறு இது. விலை பேச உதவும்.

எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் உள்நிலையை எம்.ஓ.டி. பார்ப்பதேயில்லை. சோதனையில் தேறியதை நம்பகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இந்த வண்டியின் ஐந்து சிலிண்டர் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினான டி.டி.5, எண்ணெயை ஒழுங்காக மாற்றிவந்தால் நெடுநாள் உழைக்கும். அதன் தனிக் குறை, இன்ஜெக்டர் ஒயர்களின் வழியே எஞ்சின் எண்ணெய் ஏறி, கணினிப் பெட்டியின் இணைப்பு வரை வந்துவிடுவது. அந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் தொகுப்பை மாற்ற வேண்டும், செலவு பெரிதில்லை. முன்பக்க புரொபெல்லர் ஷாஃப்ட்டை அலட்சியப்படுத்தினால் செலவு பெரிது. அதன் மூட்டு தேய்ந்து ஓட்டத்தில் முறிந்தால், சுழலும் தண்டு கியர்பாக்ஸையே உடைத்துவிடும்.

எனவே இந்த ரகத்தில், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சேஸிஸ் உளுத்து வண்டி பழைய இரும்புக்குப் போவது சகஜம். அதைத் தடுக்க வழி உண்டு. துத்தநாகம் பூசிய மாற்றுச் சேஸிஸ் கிடைக்கிறது. பொருத்த ஆகும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடலாம். மலிவான வழி, இலையுதிர்காலத்தில் உப்புத் தூவத் தொடங்குமுன் குழல்களுக்குள் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றி, நன்றாக உலரவிட்டு, நீண்ட குழாய் கொண்டு மெழுகு தெளிப்பது. பின்கோடியில் தொடங்க வேண்டும்.