ஒற்றைத் தலைவலி: வீட்டு வைத்தியத்தில் எது உதவும், எது வினையாகும்?

பெங்களூரு: கர்நாடகத்தில் வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருப்பதாக பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனத்தின் (நிம்ஹான்ஸ்) ஆய்வு காட்டுகிறது. பெங்களூரு நகரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் இந்த ஆய்வு நடத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளின்படி, ஓராண்டில் ஒற்றைத் தலைவலிக்கு ஆளானோர் 25.2 சதவீதம். பெண்களிடம் பாதிப்பு கணிசமாக அதிகம். போக்குவரத்து நெரிசலும் இரவுப் பணியும் மிகுந்த நகரவாசிகளைவிடக் கிராமத்தினரிடமே பாதிப்பு கூடுதலாகப் பதிவானது, இதை நகர வாழ்க்கையின் நோய் என்று கருதியவர்கள் எதிர்பாராத முடிவு.

இவ்வளவு பேரும் நரம்பியல் மருத்துவரை நாடுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடப்படுவது தைல டப்பா, அடுத்து சுக்கு, பிறகு காபி, அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. இவற்றில் எதற்கு ஆய்வுச் சான்று உள்ளது, எது வலியை வளர்த்துவிடக்கூடும் என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நீர் கோத்த வலியா?

தலையின் ஒரு பக்கத்தில் துடிப்பது போன்ற வலி, குமட்டல், வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாமை, படியேறினாலோ குனிந்தாலோ வலி கூடுதல் ஆகியவை ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். பெயர் அப்படி இருந்தாலும் பலருக்கு இரு பக்கமும் வலிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். முகம், மூளை உறை ஆகியவற்றின் உணர்ச்சிகளைக் கடத்தும் முப்பெருநரம்பு தூண்டப்பட்டு, வலியைப் பெருக்கும் வேதிப்பொருள்கள் வெளிப்படுவதே இதன் அடிப்படை.

வலியின்போது மூக்கடைப்பும் கண்ணில் நீர் வடிதலும் சிலருக்கு ஏற்படும். இதனால் ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’, ‘சைனஸ் தலைவலி’ என்று முடிவு செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் உண்டு. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 அமெரிக்கர்களைப் பரிசோதித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை என்று தெரியவந்தது. நோயின் பெயரே மாறிப்போனால் எந்தக் கைமருந்தும் பலன் தராது.

பனிக்கட்டியும் இருட்டறையும்

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றில் மிக எளியது குளிர் ஒத்தடம். அமெரிக்காவின் ஹவாயில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வலி தொடங்கியவுடன் கழுத்தின் முன்புறம், தமனிகள் செல்லும் இடத்தில் உறைகுளிர் பட்டையை வைத்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் வலி குறைந்தது. பெரிய ஆய்வு அன்று. ஆனால் செலவோ கெடுதலோ இல்லாத முறை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 நிமிடங்களுக்கு மிகாமல் வைக்க வேண்டும். நேரடியாகத் தோலில் வைக்கலாகாது.

இருட்டறையில் படுப்பதற்கும் நரம்பியல் காரணம் உண்டு. வெளிச்சம் வலியைக் கூட்டுகிறது. வெள்ளை, நீல ஒளியைவிடப் பச்சை ஒளி குறைவாகத் தொல்லை தருவதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். கைப்பேசியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு இருட்டில் படுத்திருப்பது ஓய்வாகாது.

சுக்குக்குச் சான்று உண்டா?

உண்டு, ஆனால் ஓர் எல்லை வரை. ஈரானில் 100 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், 250 மில்லிகிராம் இஞ்சிப் பொடியும் சுமட்ரிப்டான் என்ற மாத்திரையும் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வலியைக் குறைத்தன. 250 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைதான். போலி மாத்திரை பெற்ற குழு அந்த ஆய்வில் இல்லாததால், அதை மட்டும் வைத்து உறுதியாக எதையும் கூறிவிட முடியாது. பிரேசிலில் மூன்று மாதங்கள் தினமும் இஞ்சிச் சாறு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், வலி வராமல் தடுப்பதில் போலி மாத்திரையைவிட அது மேம்படவில்லை. வலி தொடங்கும்போது, குறிப்பாகக் குமட்டல் இருக்கும்போது, சுக்கு வெந்நீரோ இஞ்சித் தேநீரோ குடிக்கலாம். நாள்தோறும் குடித்துவந்தால் தலைவலியே வராது என்பதற்குச் சான்று இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இதை வழக்கமாக்கக் கூடாது.

இந்த ஆய்வுகள் அனைத்தும் உள்ளுக்குச் சாப்பிட்ட இஞ்சியைப் பற்றியவை. சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது வேறு. அதன் எரிச்சல் சற்று நேரம் வலியிலிருந்து கவனத்தைத் திருப்பலாம். நெடுநேரம் விட்டால் தோல் புண்ணாகும்.

தைலம் குறித்து பெங்களூரு மருத்துவர்கள்

தென்னிந்திய வீடுகளில் தலைவலித் தைலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் 1914இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. இன்று பல பெயர்களில் தைலங்கள் கிடைக்கின்றன. கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம் ஆகியவை இவ்வகைப் பொருள்களில் அடிக்கடி சேர்க்கப்படுகின்றன. புதினா உப்பின் குளிர்ச்சி சிலருக்கு இதம் தருவதைச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும் பெங்களூருவின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூ தலைமையிலான குழு, இவ்வகை எண்ணெய்கள் குறித்து எச்சரித்து வருகிறது. தென்னிந்திய மருத்துவமனைகள் நான்கில் நான்கு ஆண்டுகள் நடந்த இக்குழுவின் ஆய்வு 2021இல் வெளியானது. வலிப்புடன் வந்த 350 பேரில் 55 பேர், அதற்கு முன்பு கற்பூரம் அல்லது நீலகிரித் தைலம் கலந்த பொருளைப் பயன்படுத்தியிருந்தனர். அதே ஆண்டில், கொத்துத் தலைவலி எனப்படும் கடும் வலியால் அவதியுற்ற இருவரின் நிலைக்கும் இவ்வகை எண்ணெய்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றும் இக்குழு பதிவு செய்தது. தைலம் தடவும் அனைவருக்கும் தீங்கு வரும் என்பது இதன் பொருளன்று. ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்கள் கற்பூரத் தைலத்தைத் தவிர்ப்பதே நல்லது. தினமும் பலமுறை தடவியும் தலைவலி தொடர்கிறது என்றால், சில வாரங்கள் நிறுத்திப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை. கைக்குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த எதையும் தடவக் கூடாது.

தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமை

மேலைநாட்டுப் பட்டியல்களில் சாக்லேட், பாலாடைக்கட்டி, ஒயின் ஆகியவை தூண்டுகோல்களாகக் கூறப்படும். நம் வீடுகளுக்கு அவை அவ்வளவாகப் பொருந்தா. தலைக்குக் குளிப்பதே ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவதை மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், 94 இந்திய நோயாளிகளின் அனுபவத்தைக் கொண்டு 2006இல் ஆய்விதழில் விவரித்தார். ‘தலைக்குக் குளித்தால் வலி வருகிறது’ என்று பாட்டிமார் கூறிவந்ததற்கு அது மருத்துவப் பதிவாயிற்று.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விரதமிருந்து, ஈரக் கூந்தலுடன் வெயிலில் கோயிலுக்குச் சென்று, ஊதுவத்திப் புகையில் நிற்கும் பெண்ணுக்கு மாலையில் தலை வெடித்தால், எதைக் குறை கூறுவது? நீண்ட நேரம் உணவின்றி இருத்தல், வெயில், கடும் மணம் ஆகிய மூன்றுமே அறியப்பட்ட தூண்டுகோல்கள்தாம். ஒன்று மட்டும் இருந்தால் தாங்கிக்கொள்ளும் மூளை, மூன்று சேர்ந்தால் தடுமாறலாம். விரதத்தை விட வேண்டியதில்லை. அன்று தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்கு மாற்றலாம், நீராவது போதிய அளவு அருந்தலாம், கூந்தலை உடனே உலர்த்தலாம். வேளை தவறாத உணவு, வார இறுதியிலும் மாறாத உறக்க நேரம் ஆகிய இரண்டும் எந்தச் சமையலறை மருந்தையும்விடப் பயன்தருபவை என்று துணிந்து கூறலாம். பணிமுறை வாரந்தோறும் மாறும் ஊழியர்களுக்கு இது எளிதன்று என்பதும் உண்மை.

காபி இருபுறமும் கூரான கத்தி. சிறிதளவு கஃபீன் வலி மாத்திரையின் ஆற்றலைக் கூட்டும். பாஸ்டனில் 98 நோயாளிகளை நாள்தோறும் கண்காணித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளில் இரண்டு முறை வரை அருந்தியபோது வலி கூடவில்லை. மூன்றும் அதற்கு மேலும் ஆனபோது கூடியது. தினமும் நான்கு டம்ளர் குடிப்பவர் ஒரு நாள் திடீரென நிறுத்தினாலும் வலி வரும். படிப்படியாகக் குறைப்பதே முறை.

யோகாசனம் பற்றிக் கூற வலுவான இந்திய ஆய்வு ஒன்று உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2020இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துடன் யோகாவும் செய்தவர்களுக்கு மூன்று மாதங்களில் மாதாந்திரத் தலைவலி எண்ணிக்கை 9.1இலிருந்து 4.7 ஆகக் குறைந்தது. மருந்து மட்டும் உட்கொண்டவர்களுக்கு 7.7 என்பது 6.8 ஆனது. யோகா இங்கே மருந்துக்கு மாற்றாக அன்று, துணையாகவே சோதிக்கப்பட்டது.

மாத்திரையே வலியாகும்போது

உண்மையான ஆபத்து, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாத்திரைப் பட்டையில் உள்ளது. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளையும் சுமட்ரிப்டான் வகையையும் 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், அம்மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வலிக்கிறது என்று மாத்திரை, மாத்திரையால் வலி என்ற சுழல் இது. கர்நாடக ஆய்வில் 1.2 சதவீதத்தினர் இந்த நிலையில் இருந்ததாகக் கணிக்கப்பட்டது. விழுக்காடு சிறியது; மாநில மக்கள்தொகையில் பல இலட்சம் பேர்.

மாத்திரை தேவையெனில், வலி முற்றுவதற்குள் உரிய அளவில் உட்கொள்வது மேல். வலி முற்றும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால், தாமதித்த மாத்திரை உடலில் சேராமல் கிடக்கிறது. பலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இயலாதபோது இரண்டாகவும் மூன்றாகவும் விழுங்குகிறார்கள்; பலனும் குறைவு, பக்கவிளைவும் அதிகம். 16 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் கூடாது. கர்ப்பிணிகள் எதையும் தாமாக உட்கொள்ளக் கூடாது.

வீட்டில் காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை இழப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் வலி, பிரசவத்தை ஒட்டி வரும் கடும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். வலிக்கு முன் கண்முன்னே ஒளிக்கீற்றுகள் தோன்றும் வகை ஒற்றைத் தலைவலி உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் அதைத் தெரிவிப்பது கட்டாயம்; பக்கவாத அபாயம் கூடும்.

மாதத்தில் நான்கு நாள்களோ அதற்கு மேலோ வலி வருவோருக்கு, வலி வராமலே தடுக்கும் மருந்துகள் உள்ளன. புரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின் போன்றவை பழைய, விலை குறைந்த மருந்துகள். மருத்துவர் பரிந்துரையுடன் மட்டுமே பெறத்தக்கவை. மருத்துவரிடம் செல்லும்போது மாத நாட்காட்டி ஒன்றை எடுத்துச் செல்வது உதவும். வலி வந்த நாள், தொடங்கிய நேரம், அன்றைய உணவும் உறக்கமும், மாதவிலக்கு நாள்கள், உட்கொண்ட மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் குறித்துவைத்தால் போதும்.